பீரங்கியும் பரம்பரையும்: ஜெனரல் குமாரமங்கலத்தின் உத்தியோக வாழ்வு பற்றி ஒரு விசாரணை

1. வினா

பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயலைக் கடந்து வேலப்பன்சாவடியை அடைகிறவர், பட்டாளத்தின் பழைய நிலப்பரப்பு ஒன்றின் நடுவே தாம் நிற்பதை இன்றைய மருத்துவக் கல்லூரிக் கட்டிடங்களையும் லாரி நெரிசலையும் கொண்டு எளிதில் ஊகித்துவிட முடியாது. மேற்கே சில மைல் தூரத்தில் உள்ள பூவிருந்தவல்லி, கும்பினியார் காலத்தில் வெள்ளைச் சிப்பாய்கள் தங்கிச் சென்ற ராணுவ நிலையம். தென்கிழக்கே பரங்கிமலை, சென்னைப் பீரங்கிப்படைக்கு நெடுங்காலம் தலைமையிடமாக விளங்கிய ஸ்தலம். வடக்கே ஆவடி, சுதந்திர இந்தியாவின் டாங்கிகள் பிறந்த ஊர். இதே சாலையைப் பிடித்து மேற்கே போய்க்கொண்டேயிருந்தால் வரும் பெங்களூரில்தான், 1935 ஜனவரி 15ஆம் தேதி, இந்தியர்களைக் கொண்ட முதல் களப் பீரங்கிப் பிரிகேட் அமைக்கப்பட்டது. பரங்கிமலையில் சென்னை மாகாணத்துப் பீரங்கிப்படை மறைந்ததற்கும் பெங்களூரில் இந்தியப் பீரங்கிப்படை தோன்றியதற்கும் இடையே ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு கழிந்திருக்கிறது. அந்த இடைவெளியின் விளைவுகளைத் தன் உத்தியோக வாழ்வில் சுமந்து, பிறகு அதே பீரங்கிப்படையிலிருந்து புறப்பட்டு இந்திய ராணுவத்தின் தலைமைப் பீடத்தை முதன்முதலில் எட்டியவர் ஒரு தமிழர்: திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீனைச் சேர்ந்த பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம்.

அவர் உயர்வுக்குக் காரணம் பிறந்த குடும்பமா, சேர்ந்த படையா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினா. இதற்குத் தமிழகத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் விடை குடும்பம் என்பதே. அந்த விடையில் பாதி உண்மை உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மற்றப் பாதியைப் பீரங்கிப்படையின் சரித்திரத்தில்தான் தேட வேண்டும் என்பதும், அந்தச் சரித்திரத்தை நாம் அலட்சியம் செய்துவிட்டோம் என்பதும் என் வாதம்.

2. இதுவரை நிலவும் கருத்துகள்

குமாரமங்கலம் என்ற பெயரைச் சொன்னதும் தமிழ் வாசகருக்கு நினைவில் எழுவது அரசியல். தந்தை டாக்டர் ப. சுப்பராயன், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி. பின்னர் காங்கிரஸில் சேர்ந்து 1937இல் ராஜாஜியின் மந்திரிசபையிலும் இடம் பெற்றவர். தாய் ராதாபாய், மங்களூரில் தாழ்த்தப்பட்டோருக்காக உழைத்த குத்முல் ரங்கராவின் மகள். 1930இல் லண்டனில் கூடிய வட்டமேஜை மகாநாட்டுக்குச் சென்ற இரு இந்தியப் பெண் பிரதிநிதிகளுள் ஒருவர். தம்பி மோகன் குமாரமங்கலம் கம்யூனிஸ்ட் தலைவராக வாழ்வைத் தொடங்கி மத்திய மந்திரியானவர். தங்கை பார்வதி கிருஷ்ணன் கோயம்புத்தூரின் கம்யூனிஸ்ட் நாடாளுமன்ற உறுப்பினர். இவ்வளவு பேர் நிறைந்த வீட்டில் மூத்த மகனான ஜெனரல் பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பாகவே நின்றுவிட்டார். அடிக்குறிப்பும்கூட, ஜமீன்தார் மகன், ஈட்டன் பள்ளியில் படித்தவர், அதனால் உயர்ந்தவர் என்ற அளவோடு முடிந்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறான வியாக்கியானம் ஒன்றும் உண்டு. 1880களில் சென்னைச் சேனையின் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் பிரபு, தென்னாட்டுச் சிப்பாய்கள் யுத்தத்துக்கு லாயக்கற்றவர்கள் என்ற அபிப்பிராயத்தை வேரூன்றச் செய்தவர்களில் முக்கியமானவர். 'வீர இனங்கள்' என்ற அந்தக் கோட்பாட்டின்படி வடமேற்கின் சில சமூகங்களே சேனைக்கு உரியவை என்று வகுக்கப்பட்டு, சென்னை ரெஜிமென்ட்டுகள் படிப்படியாகக் கலைக்கப்பட்டன. ஆகவே ஒரு தமிழர் தலைமைத் தளபதியானது அந்தக் கோட்பாட்டைப் பொய்யாக்கிய வெற்றி என்று பெருமிதத்தோடு எழுதுவோர் உண்டு. பெருமிதம் நியாயமானதே, ஆனால் வாதம் பலமற்றது. ராபர்ட்ஸின் கோட்பாடு சாதாரணச் சிப்பாயைச் சேர்ப்பதைப் பற்றியது; ஈட்டனில் படித்த ஒரு ஜமீன் வாரிசை அது தடுக்கவுமில்லை, அவர் உயர்வினால் அது உடையவுமில்லை. அந்தப் பொய் உடைந்தது இரண்டாம் உலக யுத்தத்தில், ஆயிரக்கணக்கான தென்னாட்டுச் சிப்பாய்களின் உழைப்பினால்.

இரண்டு வியாக்கியானங்களும் மனிதரின் பிறப்பையே பார்க்கின்றன, ஒன்று குலத்தை, மற்றது இனத்தை. அவர் கையாண்ட ஆயுதத்தைப் பார்ப்பதில்லை. ராணுவ அதிகாரி ஒருவரின் சரித்திரத்தில் இது சிறு குறை அன்று.

3. மறுக்கப்பட்ட ஆயுதம்

காலாட்படை, குதிரைப்படை ஆகியவற்றிலிருந்து பீரங்கிப்படை வேறுபடுவது கணிதத்தினால். துப்பாக்கி ஏந்தியவன் தன் கண்ணுக்குத் தெரியும் எதிரியைச் சுடுகிறான். பீரங்கியை இயக்குகிறவனோ பெரும்பாலும் தான் காணாத இலக்கை நோக்கிச் சுடுகிறான். முன்னணியில் நின்று குண்டு விழும் இடத்தைப் பார்த்துச் சொல்லும் அதிகாரி ஒருவர். அவர் சொல்லை ஏற்று, தூரம், திசை, உயரம், காற்றின் போக்கு ஆகியவற்றைக் கணக்கிட்டுக் குழாயைத் திருப்பும் அணி சில மைல்களுக்கு அப்பால். இந்த இரண்டுக்கும் நடுவே கணக்கு பிசகினால் குண்டு விழுவது தன் பக்கத்துக் காலாட்படையின் தலைமேல். எனவேதான் பிரிட்டனில்கூடக் காலாட்படை, குதிரைப்படை அதிகாரிகளுக்கு ஸாண்ட்ஹர்ஸ்டும், பீரங்கி, எஞ்சினியர் அதிகாரிகளுக்கு வூல்விச்சும் எனத் தனித்தனிக் கல்விச்சாலைகள் இருந்தன.

கும்பினி காலத்தில் இந்தக் கலை இந்தியர்களுக்கு அந்நியமாக இருக்கவில்லை. சென்னைப் பீரங்கிப்படையில் 'கொலந்தாஸ்' என்று அழைக்கப்பட்ட இந்தியப் பீரங்கி வீரர்கள் பணியாற்றினர். லஸ்கர்கள் பீரங்கிகளை இழுத்தும் குண்டு சுமந்தும் உழைத்தனர். 1857க்குப் பிறகு எல்லாம் மாறியது. கிளர்ச்சியில் பீரங்கிகள் இந்தியர் கையில் இருந்ததன் விளைவை நேரில் அனுபவித்த ஆங்கிலேயர், மலைப் பீரங்கிகள் முதலிய சிலவற்றைத் தவிர மற்றெல்லாவற்றையும் வெள்ளையர் வசமே வைத்துக்கொள்வது என்று தீர்மானித்தனர். கும்பினியின் வெள்ளைப் பீரங்கிப்படைகள் 1860களின் தொடக்கத்தில் அரச பீரங்கிப்படையுடன் இணைக்கப்பட்டன. பரங்கிமலையில் பீரங்கி ஒலி நின்றுவிடவில்லை. அதைக் கையாளும் கைகளில் இந்தியக் கை இல்லாமற்போயிற்று.

இந்தியர்க்கு அதிகாரிப் பதவியைத் திறந்துவிட்டபோதும் இந்தக் கதவு மட்டும் மூடியே இருந்தது என்பதை நம் சரித்திர ஆசிரியர்கள் போதுமான அளவு வற்புறுத்தவில்லை. முதல் உலக யுத்தத்தின் முடிவில் ஸாண்ட்ஹர்ஸ்டில் ஆண்டுக்குப் பத்து இடங்கள் இந்தியர்க்கு ஒதுக்கப்பட்டன. அங்கே தேறியவர்கள் காலாட்படைக்கோ குதிரைப்படைக்கோ செல்லலாம், பீரங்கிக்குச் செல்ல இயலாது. வூல்விச்சையும் இந்தியர்க்குத் திறக்க வேண்டும் என்று 1920களின் நடுவில் ஸ்கீன் கமிட்டி பரிந்துரைத்த பிறகே நிலைமை இளகியது. வூல்விச்சில் தேறிப் பீரங்கிப்படை அதிகாரியான முதல் இந்தியர் பிரேம் சிங் கியானி. 1932இல் உத்தியோகம் பெற்ற அவரே பின்னாளில் காஸாவிலும் சைப்ரஸிலும் ஐக்கிய நாடுகளின் படைகளுக்குத் தலைமை வகித்தார். அவரை அடுத்து, 1933 ஆகஸ்டில், இருபதே வயதில் வூல்விச்சிலிருந்து வெளிவந்தவர் குமாரமங்கலம். 1935இல் பெங்களூரில் அமைந்த பிரிகேட், கியானி, குமாரமங்கலம் போன்ற புதிய அதிகாரிகளுக்குக் களம் தர எழுந்ததே.

ஆகவே குடும்பம் செய்த உபகாரத்தின் எல்லையை இங்கே வரையறுக்கலாம். ஈட்டன் கல்வியும், லண்டனில் மதிப்புப் பெற்ற பெற்றோரும் இல்லாமல் 1930களின் தொடக்கத்தில் ஒரு தமிழ் இளைஞன் வூல்விச் வாசலை மிதித்திருக்க முடியாது. அதை மறுப்பது வீண். ஆனால் அதே வசதிகளோடு சௌகரியமான குதிரைப்படை ரெஜிமென்ட் ஒன்றுக்கு அவர் போயிருக்கலாம். குதிரையேற்றத்திலும் போலோவிலும் வாழ்நாள் முழுதும் பிரியம் கொண்டிருந்தவருக்கு அது இயல்பான பாதையாகவும் இருந்திருக்கும். எழுபது ஆண்டுக்காலம் இந்தியன் நம்பத்தகாதவன் என்று விலக்கி வைக்கப்பட்டிருந்த ஆயுதத்தை அவர் தேர்ந்தெடுத்ததை, பிறப்பு விளக்கிவிடாது.

4. பாலைவனத்தில் ஒரு காலை

1942 மே மாத இறுதியில், லிபியப் பாலைவனத்தில் காஸாலா முதல் பீர் ஹக்கெய்ம் வரை கண்ணிவெடிகளையும் காவல் அரண்களையும் கொண்டு பிரிட்டிஷார் ஒரு தற்காப்பு வரிசை அமைத்திருந்தனர். அதன் தென்கோடியில் பீர் ஹக்கெய்மைப் பிரெஞ்சுப் படை காத்தது. அதற்குத் தென்கிழக்கே, 171ஆம் புள்ளி என்று வரைபடத்தில் குறிக்கப்பட்ட இடத்தில் மூன்றாவது இந்திய மோட்டார் பிரிகேட் நின்றது. குதிரைகளை விட்டு லாரிகளுக்கு மாறிய மூன்று குதிரைப்படை ரெஜிமென்ட்டுகளும், அவற்றுக்குத் துணையாக இரண்டாவது இந்தியக் களப் பீரங்கி ரெஜிமென்ட்டும் சேர்ந்தது அந்தப் பிரிகேட். பீரங்கி ரெஜிமென்ட்டின் ஏழாவது பாட்டரிக்குத் தலைவர் இருபத்தெட்டு வயது மேஜர் குமாரமங்கலம்.

அந்த பாட்டரியின் ஆயுதத்தைச் சற்று அருகில் நின்று பார்ப்பது அவசியம். '25 பவுண்டர்' எனப்பட்ட அப்பீரங்கியின் வாய் 87.6 மில்லிமீட்டர் அகலம். ஏறத்தாழ பதினொன்றரை கிலோ எடையுள்ள குண்டைப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கும் அப்பால் வீசக்கூடியது. ஆறு பேர் சேர்ந்து இயக்குவது. அதன் அடியில் வட்டமான இரும்புத் தட்டு ஒன்று உண்டு. அதைத் தரையில் கிடத்தி, சக்கரங்களை அதன்மேல் ஏற்றிவிட்டால், வால்பகுதியைத் தூக்கி ஒருவர் நடக்கும் வேகத்தில் பீரங்கியை எந்தத் திசைக்கும் சுழற்றலாம். தூரத்து இலக்குகளுக்கென்று வடிவமைக்கப்பட்ட இந்தப் பீரங்கிக்கு அந்தத் தட்டுதான், டாங்கிகள் திடீரென்று எதிரே தோன்றும்போது, உயிர் காக்கும் உறுப்பாயிற்று. அப்போது முன்னணி நோக்கர் இல்லை, வரைபடம் இல்லை, கணக்கு இல்லை. குழாயைத் தாழ்த்தி, சில நூறு கஜ தூரத்தில் வரும் இரும்பை நேர்க்குறியில் பார்த்து, வெடிமருந்து அடைக்காத கெட்டிக் குண்டை எய்ய வேண்டும். டாங்கியின் கவசம் பீரங்கியாளருக்கு இல்லை. அவர்களுக்கும் மரணத்துக்கும் நடுவே நிற்பது மெல்லிய எஃகுக் கேடயம் ஒன்றே.

மே 27 அதிகாலையில், வரிசையின் தென்கோடியைச் சுற்றி வந்த ஜெர்மன் தளபதி ரோமலின் படைகள் இந்தப் பிரிகேட் மேல் மோதின. இத்தாலியரின் அரியேத்தே டாங்கி டிவிஷன் முன்னே வந்தது. இந்திய பிரிகேடுக்கு டாங்கிகள் இல்லை. கையில் இருந்த பீரங்கிகளைத் தவிர வேறு தற்காப்பும் இல்லை. சமர் நீடித்த நேரம் குறைவு. பிரிகேட் மிதிக்கப்பட்டது, நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டும் காயமுற்றும் விழ, ஏறத்தாழ ஆயிரம் பேர் சிறைப்பட்டனர். தோல்விதான். ஆனால் வந்தவர்களின் டாங்கிகள் பலவும் அந்தப் பீரங்கிகளுக்கு முன்னே எரிந்து நின்றன. சிறைப்பட்ட குமாரமங்கலத்துக்கு அந்தச் சண்டையில் காட்டிய தலைமைக்காக டி.எஸ்.ஓ. விருது கிடைத்தது; இந்திய அதிகாரிகளில் வெகுசிலரே பெற்ற கௌரவம் அது.

ஒரு பாட்டரி தோற்ற சமருக்கு ஏன் இவ்வளவு இடம் தருகிறேன் என்று வாசகர் கேட்கலாம். இந்தியர் தலைமையில், இந்தியர் இயக்கும் பீரங்கிகள், ஐரோப்பிய டாங்கிப் படை ஒன்றை நேருக்கு நேர் சந்தித்து, ஓடாமல் நின்ற காலை அது. பெங்களூரில் பிரிகேட் அமைந்து அப்போது ஏழாண்டுகளே ஆகியிருந்தன. 1857 முதல் வந்த சந்தேகத்துக்குக் கமிட்டி அறிக்கைகள் கொடுத்த பதில்களைவிட இந்தப் பதில் வலியது. அதை ஜமீனோ ஈட்டனோ கொடுத்திருக்க இயலாது.

5. சிறையும் வீடும்

யுத்தக் கைதியாக அவர் இத்தாலியில், நேப்பிள்ஸை அடுத்த அவேர்ஸா முகாமில் வைக்கப்பட்டார். அங்கிருந்த இந்திய அதிகாரிகளுள் யஹியா கானும் ஒருவர். 1966 ஜூனில் குமாரமங்கலம் இந்திய ராணுவத் தலைவரானார். அதே ஆண்டு செப்டம்பரில் யஹியா கான் பாகிஸ்தான் ராணுவத் தலைவரானார். இந்த விசித்திரத்தை வைத்து நட்பும் பகையும் பற்றிக் கதை பின்னுவது பத்திரிகைகளுக்குப் பழகிப்போயிற்று. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு: பிரிவினைக்கு முன்பிருந்த இந்திய அதிகாரி வர்க்கம் எவ்வளவு சிறியது என்பதற்கு இது பிரத்தியட்சமான சான்று. ஒரே முகாமின் கம்பிவேலிக்குள் இரு நாடுகளின் வருங்காலத் தளபதிகள் அடங்கக்கூடிய அளவுக்கு அது சிறியதாக இருந்தது.

1943இல் இத்தாலி சரணடைந்தபின் அவர் தப்பித்துச் சென்றார். பின்னாளில் பாகிஸ்தானின் வெளிநாட்டு மந்திரியான யாகூப் கானும் அந்தத் தலைமறைவில் உடனிருந்தார் என்றும், குமாரமங்கலத்தின் கால் ஊனப்பட்டதால் பயணம் தடைப்பட்டது என்றும் சிறைத் தோழர்கள் வழியே வந்த வரலாறு கூறுகிறது. மீண்டும் பிடிபட்டவர் ஜெர்மனியில் கடுங்காவல் போட்ட ஸ்டாலாக் லுஃப்ட் III முகாமுக்கு அனுப்பப்பட்டார்.

யுத்த ஆண்டுகளில் வீட்டில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அண்ணன் அரசனின் உத்தியோகம் ஏற்று ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறிய காலத்தில், தம்பி மோகன் யுத்த எதிர்ப்புக்காகச் சென்னைச் சதி வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்றார். தந்தையோ மந்திரி பதவியைத் துறந்த காங்கிரஸ்காரர். குடும்பச் செல்வாக்கினால்தான் அவர் உயர்ந்தார் என்பவர்கள் இந்த ஆண்டுகளைக் கணக்கில் கொள்வதில்லை. 1942இல் அந்தக் குடும்பப் பெயர் பிரிட்டிஷ் ராணுவத் தலைமையிடத்தில் சிபாரிசாக இருந்திருக்குமா, சந்தேகத்துக்குக் காரணமாக இருந்திருக்குமா? இரண்டாவதுக்கே சாத்தியம் அதிகம். அப்படியிருந்தும் பாட்டரியின் தலைமை அவரிடமே இருந்தது என்றால், பீரங்கித் தொழிலில் அவருக்கிருந்த தேர்ச்சியே அதற்குக் காரணமாக இருக்க முடியும் என்று கருதுகிறேன். பின்னாளிலும் கம்யூனிஸ்ட் தம்பி தங்கையரைக் கொண்ட ஒருவரை இந்தியக் குடியரசு தன் சேனைக்குத் தலைவராக்கத் தயங்கவில்லை. இது குடியரசுக்கும் பெருமை, அந்த வீட்டுக்கும் பெருமை.

6. தலைமைப் பதவி

யுத்தத்துக்குப் பின் வந்த பதவிகளை வரிசையாக அடுக்குவதில் பயனில்லை. 1962இல் சீனாவிடம் அடைந்த தோல்விக்குப் பிறகு, 1963 மே முதல் 1964 நவம்பர் வரை அவர் கீழ்ப்பிராந்தியத் தளபதியாக இருந்தார் என்பதும், 1965 பாகிஸ்தான் யுத்தத்தின்போது தலைமைத் தளபதி ஜெனரல் சௌதுரிக்கு அடுத்த துணைத் தலைவராக இருந்தார் என்பதும், 1966 ஜூன் 8 முதல் 1969 ஜூன் 7 வரை தலைமைத் தளபதியாக இருந்தார் என்பதும் இங்கே போதும். பிரிட்டிஷ் அரசனின் உத்தியோகப் பத்திரம் பெற்ற இந்திய அதிகாரிகளில் அந்தப் பீடத்தில் கடைசியாக அமர்ந்தவர் அவர். பீரங்கிப்படையிலிருந்து முதலில் அமர்ந்தவரும் அவரே. அவருக்கு முன் இருந்த இந்தியத் தளபதிகள் அறுவரும் காலாட்படை அல்லது குதிரைப்படை வழியே வந்தவர்கள்.

அவர் காலத்தில் நிகழ்ந்த பெரிய சமர் 1967 செப்டம்பர் 11இல் சிக்கிமின் நாதுலா கணவாயில் தொடங்கியது. பதினாலாயிரம் அடி உயரத்தில் எல்லையைக் குறிக்கக் கம்பிவேலி போட்டுக்கொண்டிருந்த இந்திய வீரர்கள்மேல் சீனர்கள் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டனர்; திறந்தவெளியில் நின்ற பலர் அங்கேயே வீழ்ந்தனர். பதிலுக்கு இந்தியப் பீரங்கிகள் முழங்கத் தொடங்கி மூன்று நாட்கள் ஓயவில்லை. செபுலா, ஒட்டக முதுகு என்ற இரு சிகரங்கள் இந்தியர் வசம் இருந்தமையால், அங்கே நின்ற பீரங்கி நோக்கர்களுக்குச் சீனர் பக்கத்துச் சரிவு முழுதும் கண்ணெதிரே விரிந்து கிடந்தது; குண்டு விழும் இடத்தைப் பார்த்துத் திருத்திச் சொல்ல அவர்களால் இயன்றது; எதிரிக்கு அது இயலவில்லை. இதுவும், அக்டோபர் 1இல் சோலாவில் நடந்த சண்டையும் சேர்ந்து இந்தியத் தரப்பில் 88 உயிர்களைக் கொண்டன. ஆயினும் 1962இன் அச்சம் அந்த மலையில் கலைந்தது.

நாதுலாவின் புகழ் முழுதும் களத் தளபதி ஸகத் சிங்குக்கே உரியது என்பது பிரசித்தமான அபிப்பிராயம். 1965இல் கணவாயைக் காலி செய்ய மறுத்து அந்தச் சிகரங்களைக் கையில் வைத்திருந்தவர் அவர்தான். முதல் பெருமை அவருக்கே சேர வேண்டும். குமாரமங்கலத்தின் பங்கு வேறு வகைப்பட்டது, கண்ணுக்கு எளிதில் புலப்படாதது. 1962இல் சாலையில்லா மலைகளில் பீரங்கித் துணையின்றிச் சிதறிய கீழ்ப்பிராந்தியச் சேனை, மலை டிவிஷன்களாகத் திருத்தி அமைக்கப்பட்டு நிமிர்ந்த ஆரம்ப ஆண்டுகளில் அதன் தளபதியாக இருந்தவர் ஒரு பீரங்கி அதிகாரி. நாதுலாவில் முழங்கிய பீரங்கிகள் அந்த உயரத்துக்கு ஏறிய பாதையில் அந்த ஆண்டுகளின் உழைப்பும் உண்டு. அதை அளந்து காட்ட ஆணைக் கடிதம் எதையும் நான் முன்வைக்கவில்லை. கால வரிசையைக் கொண்டு செய்யும் அனுமானமே இது.

ஆவடிக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1960களின் பிற்பகுதியில், ரஷ்யாவிலிருந்து 130 மில்லிமீட்டர் நெடுந்தூரப் பீரங்கிகள் இந்தியாவுக்கு வந்தன. 25 பவுண்டர் சென்ற தூரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் சுடக்கூடியவை அவை. 1965இன் இறுதியிலிருந்து ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவாகிவந்த விஜயந்தா டாங்கியின் உடலில், பின்னாளில் அதே 130 மில்லிமீட்டர் குழாயை ஏற்றி, 'கடபுல்ட்' என்ற, தானே நகரும் பீரங்கியை ஆவடி ஆராய்ச்சி நிலையத்தார் சமைத்தனர். பரங்கிமலையில் ஒரு நூற்றாண்டுக்கு முன் இந்தியன் தொடக்கூடாதென்று விலக்கப்பட்ட ஆயுதம், அதே சென்னையின் மேற்குப் புறத்தில் இந்தியக் கைகளால் உருவாயிற்று.

7. எதிர்வாதமும் ஒரு சோதனையும்

ஒரே மனிதரின் வாழ்வைக் கொண்டு பொதுவிதி சொல்லலாகாது என்பது நியாயமான ஆட்சேபம். அதற்காகவே இரண்டாவது உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். 2000 மார்ச் 13இல் குமாரமங்கலம் காலமானார். அதே ஆண்டு அக்டோபர் தொடக்கத்தில் ராணுவத் தலைமையை ஏற்றவர் சுந்தரராஜன் பத்மநாபன். திருவனந்தபுரத்தில் பிறந்து, ஓய்வுக்குப்பின் சென்னையில் வாழ்ந்து, 2024 ஆகஸ்டில் இந்நகரிலேயே மறைந்தவர். அவரும் பீரங்கிப்படை. அவருக்கு ஈட்டனும் இல்லை, வூல்விச்சும் இல்லை; டேராடூன் ராணுவக் கல்லூரியிலும் தேசியப் பாதுகாப்பு அகாடமியிலும் பயின்று 1959 டிசம்பரில் உத்தியோகம் பெற்றவர். குமாரமங்கலத்துக்குப் பின் மல்ஹோத்ரா, ரோட்ரிகஸ் ஆகியோரும் அதே படையிலிருந்து அந்தப் பீடத்தை அடைந்திருந்தனர், பத்மநாபன் நான்காமவர். 1933இல் ஒரு ஜமீன் செல்வமும் லண்டன் செல்வாக்கும் சேர்ந்தே திறக்கவேண்டியிருந்த வாசல், இருபத்தாறு ஆண்டுகளில் பரீட்சை எழுதும் இந்தியப் பையன் எவனுக்கும் உரியதாகிவிட்டது. பரம்பரை என்ற காரணம் முதல் தலைமுறைக்கு மட்டுமே பொருந்துவது என்பதை இந்த ஒப்பீடு காட்டுகிறது.

ஆனால் அதிகாரிகளைப் பற்றியே பேசி முடித்துவிட்டால் வினாவின் பெரும்பகுதி எஞ்சிவிடும். பாலைவனத்தில் 25 பவுண்டரின் வால்பகுதியைத் தூக்கிச் சுழற்றிய அறுவரும் அதிகாரிகள் அல்லர். பரங்கிமலையின் கொலந்தாஸ்களும் லஸ்கர்களும் அல்லர். அவர்கள் எந்தக் கிராமங்களிலிருந்து வந்தார்கள், 1860களுக்குப் பிறகு அந்தக் குடும்பங்கள் எந்தத் தொழிலுக்குப் போயின, பூவிருந்தவல்லிச் சாலையோரத்து ஊர்களில் அவர்கள் வாரிசுகள் எவரேனும் உண்டா என்பவை ஊர்வாரியாகத் தேடவேண்டியவை. பத்மநாபன் தம் பணிக்காலத்தில் தலைமை வகித்த படைப்பிரிவுகளுள் ஒன்றின் பெயர் 'காஸாலா' மலைப் பீரங்கி ரெஜிமென்ட்; 1942இல் குமாரமங்கலம் நின்ற அதே தற்காப்பு வரிசையின் பெயர். ரெஜிமென்ட்டுகள் சமர்களின் பெயரைச் சூட்டிக்கொண்டு அவற்றை நினைவில் வைத்திருக்கின்றன. அந்தச் சமர்களில் பீரங்கி இழுத்தவர்களின் பெயர்ப்பட்டியலை ஊர்களோடு பொருத்திப் பார்க்கும் வேலையைத் தமிழ் ஆராய்ச்சி இனித்தான் தொடங்கவேண்டும்.